ஊர்க் குளத்தில் புதிதாக இறங்கும் நீர்ப்பறவைகள்: வருவது ஏன், பார்ப்பது எப்படி

ஒரு குளத்தில் அதுவரை யாரும் பார்த்திராத பறவை இறங்கிவிட்டால், அன்று மாலைக்குள் அதன் படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. படத்தோடு சேர்ந்து மூன்று கேள்விகளும் சுற்றுகின்றன: இது எங்கிருந்து வந்தது, இந்தக் குளத்தை ஏன் தேர்ந்தெடுத்தது, இதன் வருகை எதைக் காட்டுகிறது? செய்திகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு 'வெளிநாடு' என்றும், மூன்றாவது கேள்விக்கு 'குளம் மீண்டும் உயிர்பெற்றுவிட்டது' என்றும் விடை சொல்லி முடித்துக்கொள்கின்றன. நடுவிலுள்ள கேள்வியை யாரும் தொடுவதில்லை. அதற்கு விடை தெரியாமல் மற்ற இரண்டுக்கும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அந்த விடையோ பெரும்பாலும் பறவையிடம் இருப்பதைவிட அது நிற்கும் தண்ணீரில்தான் இருக்கிறது.

குடும்பத்தோடு குளக்கரைக்குப் போய் அந்தப் பறவையைப் பார்க்க விரும்புவோர், பார்ப்பதோடு நின்றுவிடாமல் பார்த்ததைப் புரிந்துகொள்ளவும் தேவையான அடிப்படைகள் இங்கே விளக்கப்படுகின்றன.

எவை நீர்ப்பறவைகள்?

ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்காக 1971ஆம் ஆண்டு ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, வாழ்வதற்கு ஈரநிலங்களைச் சார்ந்திருக்கும் பறவைகளை நீர்ப்பறவைகள் என்று வரையறுக்கிறது. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், விரல்களுக்கிடையே சவ்வு இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இதில் இல்லை. வாத்துகளும் நாமக்கோழிகளும் நீந்துகின்றன. கொக்குகளும் நாரைகளும் நடந்து இரை தேடுகின்றன. உள்ளான்கள் சேற்றைக் கிளறுகின்றன. ஆலாக்கள் நீர்ப்பரப்பின் மேல் பறந்து பாய்ந்து மீன் பிடிக்கின்றன. இவை எல்லாமே நீர்ப்பறவைகள்தாம். அதே உடன்படிக்கை ஈரநிலத்தை வரையறுக்கும்போது இயற்கையானது, செயற்கையானது, நிலையானது, தற்காலிகமானது என்று எதையும் ஒதுக்கவில்லை. ஆகவே மனிதர் வெட்டிய குளமும், ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே நீர் நிற்கும் குட்டையும் இந்தக் கணக்கில் சேரும்.

'அரிய பறவை' என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு பறவை அரியதா என்பது அந்தப் பறவையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடியதன்று. மூன்று அளவுகோல்களைத் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. இடம்: அந்த வட்டாரத்தில் இந்த இனம் வழக்கமாக உண்டா? கடற்கரைக் கழிமுகங்களில் ஆயிரக்கணக்கில் நிற்கும் ஒரு பறவை, உள்நாட்டுக் குளமொன்றில் ஒற்றையாக நின்றால் அது அங்கே அரியது.

2. பருவம்: இந்த மாதத்தில் அது இங்கே இருக்க வேண்டுமா? குளிர்காலம் கழிந்து வடக்கே திரும்பியிருக்க வேண்டிய வாத்து, கோடையின் நடுவில் ஒரு குளத்தில் தங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. அடிபட்டதாகவோ, இன்னும் இனப்பெருக்க வயதை எட்டாததாகவோ அது இருக்கலாம்.

3. எண்ணிக்கை: வழக்கமாக இரண்டு நிற்கும் இடத்தில் இருநூறு நின்றால், இனம் பழகியதாக இருந்தாலும் நிகழ்வு பழகியதன்று.

'வெளிநாட்டுப் பறவை' என்ற செய்தித்தாள் வழக்கு இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. உருவத்தில் பெரியதாகவும் நிறத்தில் பகட்டாகவும் இருப்பது தொலைவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. மஞ்சள்மூக்கு நாரையும், புள்ளியலகுக் கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும் தெற்காசியாவிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. அவற்றின் காலடியில், யார் கண்ணிலும் படாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் கையகல உள்ளானோ ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். கேமராக்கள் நாரையின் பக்கமே திரும்பியிருக்கும்.

வருகைக்கான ஐந்து காரணங்கள்

புதிய பறவை ஒன்று தென்படும்போது கீழ்க்காணும் காரணங்களை இதே வரிசையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. வாய்ப்பு மிகுந்தது முதலில் வருகிறது என்பதே இந்த வரிசையின் காரணம். கடைசிக் காரணத்தை மட்டும் ஒரே பறவையை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதால் இறுதியில் வைத்திருக்கிறேன்.

1. வழியில் இளைப்பாறுதல். இனப்பெருக்கம் செய்யும் இடத்துக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்துக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வருவது வலசை. பல நீர்ப்பறவைகள் இரவில் பறந்து, விடியும் வேளையில் கண்ணில் படும் நீர்நிலையில் இறங்கி, இரை உண்டு, ஓரிரு நாளில் கிளம்பிவிடுகின்றன. இரவில் மழையோ எதிர்க்காற்றோ குறுக்கிட்டால், வழக்கமாக மேலே பறந்து கடந்துவிடும் கூட்டமும் கீழே இறங்க நேரிடும். கனமழைக்கு அடுத்த காலையில் குளத்தில் புதுமுகங்கள் தென்படுவதற்கு இதுவே காரணம். எல்லா வலசைப் பறவைகளுக்கும் இடைநிறுத்தம் தேவை என்பதில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்ததை அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டியது. ஆனால் இது விதிவிலக்கின் எல்லை. பெரும்பாலானவை சிறுசிறு கட்டங்களாகவே பயணம் செய்கின்றன. அந்தக் கட்டங்களுக்கிடையே எரிபொருள் நிரப்பும் இடங்களாகத்தான் சாதாரணக் குளங்கள் பயன்படுகின்றன.

2. தண்ணீரைத் தேடி அலைதல். சில இனங்களுக்கு நாள்காட்டியைப் பார்த்து நகரும் பழக்கம் இல்லை. எங்கே நீரும் இரையும் உள்ளனவோ அங்கே போகின்றன. பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் ஆகியவை இந்த வகையில் அடிக்கடி வியப்பூட்டுபவை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஏர் ஏரி பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புத் தரை. தொலைதூரத்தில் பெய்த மழை ஆறுகள் வழியே வந்து அதை நிரப்பும் அரிதான ஆண்டுகளில், கூழைக்கடாக்கள் பல நூறு கிலோமீட்டர் தாண்டி அங்கே வந்து கூடு கட்டுகின்றன. இதையே தலைகீழாகவும் படிக்க வேண்டும்: ஒரு குளத்துக்குக் கூழைக்கடாக்கள் திடீரென வந்தால், வேறெங்கோ ஒரு பெரிய ஏரி வற்றியிருக்கலாம்.

3. வழி தவறுதல். இளம் பறவைகளுக்குப் போகும் திசை பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அதில் சிறு பிழை நேர்ந்தால் முற்றிலும் வேறு நாட்டில் போய்ச் சேரும். வளர்ந்த பறவைகளையும் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். 2023 ஆகஸ்ட் இறுதியில் ஃபுளோரிடாவைத் தாக்கிய இடாலியா சூறாவளிக்குப் பிறகு, கரீபியக் கடற்பகுதிக்கு உரிய பூநாரைகள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் தென்பட்டன. ஒஹையோ, பென்சில்வேனியா வரை அவை போயின; விஸ்கான்சினில் மிச்சிகன் ஏரிக்கரையிலும் நின்றன. நன்னீர் ஏரியின் கரையில் பூநாரைகளைப் பார்த்த மக்களுக்கு அந்தச் சூறாவளியைத் தவிர வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஊர்க் குளத்தில் கடற்பறவை நின்றாலும், முதலில் முந்தைய வாரத்து வானிலையைப் பார்க்க வேண்டும்.

4. கூண்டிலிருந்து தப்புதல். 2018 அக்டோபரில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் குளத்தில் ஓர் ஆண் மாண்டரின் வாத்து தோன்றியது. கிழக்கு ஆசியாவுக்கு உரிய அந்தப் பறவை ஆரஞ்சு, ஊதா, பச்சை என்று வண்ணங்களை வாரி இறைத்ததுபோல் இருந்ததால் உலகச் செய்தியாகிவிட்டது. அதன் காலில் ஒரு வளையம் இருந்தது. யாரோ வளர்த்துத் தப்பிய பறவை என்பதற்கு அதுவே வலுவான அடையாளம். வளர்ப்புப் பறவைகள் பொதுவாக மனிதரைக் கண்டு விலகாது, வீசிய தீனிக்கு ஓடி வரும், சிறகு நுனி தேய்ந்தோ வெட்டப்பட்டோ இருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வரக் கூடாது. சோர்ந்து இறங்கிய காட்டுப் பறவையும் அருகில் போகும்வரை அசையாமல் நிற்கும்.

5. வாழிட எல்லை விரிதல். இன்று ஒற்றையாக வந்தது நாளை குடியேறியாக மாறலாம். உண்ணிக்கொக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் முதன்முதலில் தென்பட்டது; 1950களில் ஃபுளோரிடாவில் கூடு கட்டியது; இப்போது அமெரிக்கக் கண்டங்களில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாய்லாந்தில் நத்தைகுத்தி நாரைகள் தெற்கு நோக்கிப் பரவியதற்கு, தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு நெல்வயல்களில் பெருகிவிட்ட ஆப்பிள் நத்தை ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முதலில் வந்த உண்ணிக்கொக்கை வழி தவறியது என்று குறித்துவைத்தவர்கள் அன்று தவறாக எதுவும் எழுதவில்லை. அது எதன் தொடக்கம் என்பது பல ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்த பிறகே தெரிந்தது.

யார் வருவார்கள் என்பதை ஆழம் முடிவு செய்கிறது

மேலே சொன்ன காரணங்கள் பறவையை வட்டாரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த வட்டாரத்திலுள்ள பல குளங்களில் இந்த ஒரு குளத்தில் அது ஏன் இறங்குகிறது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே விடை: தண்ணீரின் ஆழம்.

நீர்ப்பறவையின் காலும் அலகும் கழுத்தும் குறிப்பிட்ட ஆழத்துக்குப் பொருந்தியவை. சிறிய உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஈரச் சேற்றிலும், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டருக்கு உட்பட்ட நீரிலும்தான் இரை தேட முடியும். பவளக்கால் உள்ளானுக்கு நீண்ட கால்கள் இருப்பதால் ஒரு சாண் நீர்வரை இறங்கும். நாரைகளும் கரண்டிவாயன்களும் முழங்காலளவு நீரில் நடக்கின்றன. ஊசிவால் வாத்து போன்றவை தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக் கழுத்து எட்டும்வரை தரையிலுள்ள தாவரங்களை மேய்கின்றன. முழுவதும் மூழ்கி இரை தேடும் வாத்துகளும் நீர்க்காகங்களும் முக்குளிப்பான்களும் இதைவிட ஆழமான நீரைத் தேடுகின்றன.

இதிலிருந்து, பலருக்கு முரணாகத் தோன்றும் ஒரு விளைவு பிறக்கிறது. கரை முட்ட நிரம்பிய குளத்தில் பறவைகளின் வகை குறைவாக இருக்கும். கரையோரமும் ஆழமாகிவிடுவதால் நடந்து இரை தேடுபவற்றுக்கு அங்கே இடமில்லை. நீர் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படுகின்றன, உள்ளான்கள் வருகின்றன. இன்னும் இறங்கினால் மீன்கள் சிறு பரப்பில் நெருக்கியடிக்கின்றன, நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டமாக வந்து சேர்கின்றன. குளம் வற்றும் கடைசி வாரங்களில் காணப்படும் அந்தப் பெருங்கூட்டம்தான் பெரும்பாலும் படமாகவும் செய்தியாகவும் வெளிவருகிறது. அப்போது பார்ப்பவர்கள் குளம் செழித்திருப்பதாக எண்ணுகிறார்கள். பறவைகளோ முடியப்போகும் விருந்துக்கு வந்திருக்கின்றன.

ஆழத்துக்கு அடுத்தது நீரில் என்ன இருக்கிறது என்பது. பவளக்கால் உள்ளான்களும் தட்டைவாயன் வாத்துகளும் கழிவுநீர் கலந்த குளங்களில் நூற்றுக்கணக்கில் கூடுவதுண்டு. கழிவுநீரில் கரிமப் பொருள்கள் மிகுதி. அவற்றை உண்டு, கொசுவைப் போன்ற தோற்றமுடைய ஆனால் கடிக்காத பூச்சிகளின் சிவப்புப் புழுக்கள் அடிச்சேற்றில் பெருகுகின்றன. இந்தப் பறவைகளுக்கு அவை கொழுத்த இரை. இரண்டாயிரம் பறவைகள் நிற்கும் குளத்தில் மூன்றே இனங்கள் இருந்தால் நீரின் தரத்தைச் சோதிக்கச் சொல்வேன். இருநூறு பறவைகள் இருபது இனங்களாகப் பிரிந்து நின்றால், அந்தக் குளத்தில் ஆழமும் மேடும் தாவரமும் திறந்த நீரும் கலந்திருக்கின்றன என்று கொள்ளலாம். எண்ணிக்கையைவிட வகைக்கே மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

குளத்தைத் தூர்வாரும்போது கரையைச் செங்குத்தாக வெட்டி, நடுவையும் ஓரத்தையும் ஒரே ஆழமாக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெளிவாகும். தண்ணீர் கூடுதலாக நிற்கும். முன்பு வந்த உள்ளான்களும் நாரைகளும் கால் ஊன்ற இடமின்றிப் பறந்துவிடும். கரைச் சரிவு மெதுவாக இறங்கும் வகையில் ஒரு பக்கத்தையாவது விட்டுவைத்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பழகிய பறவை புதிய கோலத்தில்

'அரிய பறவை' என்று வரும் படங்களில் கணிசமானவை அரிய பறவைகள் அல்ல. ஏமாற்றும் சூழல்கள் நான்கு.

மடையான் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணிறக் கோடுகளோடு கரையில் குறுகி நிற்கும் அது, இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் அடர்ந்த கருஞ்சிவப்பு இறகுகளை அணிந்துகொள்கிறது. பத்தடி தொலைவில் பார்த்தாலும் வேறு இனம் என்றே தோன்றும். சந்தேகம் வந்தால் அது எழுந்து பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மறைந்திருந்த வெள்ளை இறக்கைகள் பளீரென விரியும்போது மடையான்தான் என்று உறுதியாகிவிடும்.

ஆண் வாத்துகளிடம் நடப்பது இதற்கு நேர்மாறானது. இனப்பெருக்கம் முடிந்ததும் அவை வண்ண இறகுகளை உதிர்த்துப் பெட்டையைப் போன்ற மங்கிய பழுப்பு நிறத்துக்கு மாறுகின்றன. பறப்பதற்கான இறக்கை இறகுகளும் ஒரே வேளையில் உதிர்வதால், ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்கள் அவற்றால் பறக்கவே முடியாது. அந்தக் காலத்தில் கண்ணில் படாமல் இருக்கவே மங்கிய கோலம் உதவுகிறது. வலசை வந்து சேரும் தொடக்க வாரங்களில் ஆண்களும் இன்னும் பழுப்பாகவே இருப்பதால், வண்ணப் படம் போட்ட கையேட்டை வைத்துத் தேடுபவருக்குக் குழப்பம் உண்டாகிறது.

மூன்றாவது, இளம் பறவைகள். பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறத்தில் பிறக்கிறது. இரையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் உடலில் சேர்ந்து இளஞ்சிவப்பு ஏற ஆண்டுகள் ஆகும். அழுக்கு வெள்ளையாக நிற்கும் இளம் பூநாரையை வேறு ஏதோ கொக்கு என்று எழுதிவிடுவது எளிது. நான்காவது, நிறமிக் குறைபாடு. உடல் முழுவதும் அல்லது திட்டுத்திட்டாக வெளுத்துப்போன பறவைகள் எல்லா இனங்களிலும் அவ்வப்போது பிறக்கின்றன. அலகின் வடிவமும் காலின் நீளமும் மாறுவதில்லை என்பதால் அவற்றை வைத்தே இனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிறத்துக்கு முன் நடத்தை

மேலே சொன்ன குழப்பங்கள் அனைத்தும் நிறத்தால் வந்தவை. ஆகவே அடையாளம் காணும்போது நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கீழ்க்கண்ட வரிசையில் போவது பாதுகாப்பானது.

1. பறவை நிற்கும் இடம்: திறந்த நீரா, சேறா, நாணலா, மரமா?

2. அளவு: அருகிலுள்ள பழகிய பறவையோடு ஒப்பிட்டுச் சொல்வது, தனியாகச் சென்டிமீட்டரில் மதிப்பிடுவதைவிட நம்பத்தக்கது. 'கொக்கைவிட உயரம், நாரையைவிடக் குள்ளம்' என்ற குறிப்பே போதும்.

3. அலகின் வடிவம்: நேரானதா, கீழ்நோக்கி வளைந்ததா, நுனி தட்டையானதா?

4. இரை தேடும் விதம்: இதுவே பெரும்பாலான வேளைகளில் முடிவைச் சொல்லிவிடும்.

கரண்டிவாயன் நீருக்குள் அலகைச் சற்றே திறந்து வைத்து, தலையை இடமும் வலமும் அரைவட்டமாக வீசிக்கொண்டே நடக்கும். தட்டைவாயன் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக நீந்தி நீரைக் கலக்கி, அலகோரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பால் நுண்ணுயிர்களை வடிகட்டும். பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதால், முதன்முறை பார்ப்பவர் பாம்பு என்றே நினைப்பார்.

இவை எல்லாவற்றையும்விட நெருங்கிப் பார்க்கத் தகுந்தது ஃபாலரோப் எனப்படும் சிறிய உள்ளான் வகை. குளத்தில் இது இறங்குவது அரிதே; இறங்கினால் தவறவிடக் கூடாது. நீந்தியபடியே அது தன்னைத் தானே பம்பரமாகச் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற மேற்பரப்பு நீர் வெளிப்புறம் தள்ளப்பட்டு, அடியிலுள்ள நீர் நடுவில் மேலெழும்பும். அதோடு சேர்ந்து நுண்ணிய இரால் இனங்களும் பூச்சிப் புழுக்களும் மேலே வரும். பறவை ஊசி போன்ற அலகின் நுனியால் ஒரு துளி நீரைத் தொடுகிறது. பிறகு அலகை மிகச் சிறிதளவு திறந்து திறந்து மூடுகிறது. ஒவ்வொரு அசைவிலும் நீரின் பரப்பு இழுவிசையால் அந்தத் துளி இரையோடு சேர்ந்து அலகின் மேல் ஏறி வாய்க்குள் போய்விடுகிறது. உறிஞ்சுவதும் இல்லை, தலையை அண்ணாந்து விழுங்குவதும் இல்லை. சுழற்சியைக் கரையிலிருந்து வெறுங்கண்ணால் காணலாம். துளி ஏறுவதைத் தொலைநோக்கியிலும் பின்தொடர்வது கடினம்.

குடும்பமாகப் பார்க்கும்போது

பலர் சேர்ந்து பார்ப்பதில் உள்ள நன்மை, ஒருவர் தவறவிடுவதை மற்றவர் பிடித்துவிடுவது. குழந்தைகளின் கண் அசைவை விரைவாகப் பிடிக்கும். பெரியவர்களின் பொறுமை ஒரே பறவையைத் தொடர்ந்து பார்க்க உதவும். ஒருவர் எண்ணுவது, ஒருவர் இரை தேடும் விதத்தைச் சொல்வது, ஒருவர் எழுதுவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் கரையில் நிற்க ஒரு காரணம் இருக்கும். அரிய பறவை ஒரே இடத்தில் அசையாமல் தூங்கினால் சிறுவர்களுக்குச் சலித்துவிடும். அப்போது முக்குளிப்பான் பக்கம் திருப்பிவிடலாம்: அது மூழ்கியதும் எங்கே எழும் என்று ஊகிப்பது எந்த வயதினரையும் கட்டிப்போடும். குஞ்சுகள் இருக்கும் காலமானால், தாயோ தந்தையோ அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதும் காணக் கிடைக்கும்.

கருவிகளில் பைனாகுலர் ஒன்று போதும். அதில் எழுதியிருக்கும் 8×42 என்ற குறியில், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும் இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. பத்து மடங்கு என்றால் மேல் என்று தோன்றும். ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பழகாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் எட்டு மடங்கே ஏற்றது. சூரியன் முதுகுப்புறம் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிர்வெளிச்சத்தில் எல்லாப் பறவைகளும் கறுப்புதான்.

தொலைவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதர் நெருங்கும்போது பறவை உடனே பறந்துவிடுவதில்லை. முதலில் இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்தும், பிறகு எதிர்த்திசையில் நடக்கும் அல்லது நீந்தும், அதன்பிறகே எழும். தலை உயரும் இடத்தை எச்சரிக்கைத் தொலைவு என்றும், எழும் இடத்தைப் பறந்தகலும் தொலைவு என்றும் சொல்லலாம். பறக்கவில்லை என்பதால் தொந்தரவு இல்லை என்று எண்ணுவது பிழை, ஏனெனில் தலையை உயர்த்திய கணத்திலிருந்தே பறவையின் இரைநேரம் போய்க்கொண்டிருக்கிறது. நெடும்பயணத்துக்கு நடுவில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள இறங்கியிருக்கும் பறவைக்கு அந்த இழப்பு சிறியதன்று. கூட்டத்தில் ஒன்றிரண்டு தலைகள் உயர்ந்ததும் நின்றுவிட வேண்டும். அனைத்தும் உயர்ந்துவிட்டால் சில அடிகள் பின்வாங்க வேண்டும். படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவதும், டிரோனைப் பறக்கவிடுவதும், கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் எந்த நிலையிலும் கூடாது.

ரொட்டித் துண்டு வீசுவது தீங்கற்றதாகத் தோன்றுகிறது. அதில் பறவைக்குத் தேவையான சத்து குறைவு. தின்னாமல் மிஞ்சியது நீரில் அழுகிப் பாசியை வளர்க்கிறது. ஓரிடத்தில் வாத்துகள் நெருக்கமாகக் கூடுவதால் நோய் பரவவும் வழியாகிறது. தீனி வீசிப் பழக்கிய குளத்தில், தப்பிய வளர்ப்புப் பறவையையும் காட்டுப் பறவையையும் நடத்தையால் வேறுபடுத்துவதும் கடினமாகிவிடும்.

செத்த பறவையையோ கழுத்தைத் தூக்க முடியாமல் கிடப்பதையோ கண்டால், யாரும் தொடக் கூடாது. குழந்தைகளையும் நாய்களையும் விலக்கிவிட்டு, வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். அஞ்சுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1996இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் ஒரு வளர்ப்புப் பெருவாத்திடம் (goose) கண்டறியப்பட்ட எச்5என்1 வைரஸின் வழிவந்த பறவைக் காய்ச்சல், அண்மை ஆண்டுகளில் பல கண்டங்களின் காட்டுப் பறவைகளையும் தாக்கியிருக்கிறது. மற்றொன்று பாட்டுலிசம்: வெப்பமான, உயிர்வளி குறைந்த சேற்றில் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சால் பறவையின் தசைகள் செயலிழந்துவிடும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பல்லாயிரம் வலசைப் பறவைகள் இதனால் மடிந்தன. இறந்த பறவையின் உடலில் வளரும் புழுக்களை மற்றப் பறவைகள் தின்பதால் நஞ்சு சங்கிலியாகத் தொடரும். உடல்களை முறைப்படி விரைவாக அகற்றினால்தான் அது அறுபடும்.

எதை எழுதிவைக்க வேண்டும்?

அடையாளம் உறுதியாகாத நிலையிலும் குறிப்பு எழுதலாம். அப்போதுதான் அது மிகவும் தேவைப்படுகிறது. நாள், நேரம், இடம், எண்ணிக்கை, நீர்மட்டம், முந்தைய இரு நாள்களின் வானிலை, இரை தேடிய விதம் ஆகியவை இருந்தால், பின்னர் வேறொருவர் அதைப் படித்து இனத்தைச் சொல்லிவிட முடியும். படம் எடுக்கும்போது பறவையை மட்டும் பெரிதாக்கி எடுப்பதோடு, பக்கத்துப் பறவைகளும் கரையும் தெரியும்படி ஒன்றையும் எடுக்க வேண்டும். அளவையும் இடத்தையும் உறுதிசெய்ய அதுவே உதவும். கைப்பேசிச் செயலிகள் படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரை ஒரு பரிந்துரையாகக் கொள்ளலாம். இளம் பறவைகளிலும் கோலம் மாறும் வாத்துகளிலும் அவை இடறக்கூடும்.

காலிலோ கழுத்திலோ வளையம் இருந்தால் அதன் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்தும் எண்ணும் என்ன என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். டென்மார்க் ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சென் 1899இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் மாட்டத் தொடங்கியதிலிருந்து, வலசையைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி இப்படி யாரோ ஒருவர் எங்கோ ஒரு நீர்நிலையில் படித்துச் சொன்ன எண்களால் உருவானது. மங்கோலியாவில் கழுத்து வளையம் மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் இந்திய நீர்நிலைகளில் அடையாளம் காணப்பட்டதும் அப்படித்தான்.

பதிவுகளைச் சேர்க்க இரண்டு பொது வழிகள் உள்ளன. 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் தளத்தில் எந்த நாளிலும் எந்தக் குளத்தின் பட்டியலையும் பதியலாம். வழக்கத்துக்கு மாறான இனத்தைப் பதிந்தால் அது தானே விளக்கம் கேட்கும், வட்டார மதிப்பாய்வாளர் ஒருவர் சரிபார்ப்பார். 1967இல் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக, 1987 முதல் ஆசியாவில் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகள் எண்ணப்படுகின்றன. எண்ணுபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தாம். ஓர் ஈரநிலம் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்கினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு விழுக்காட்டைத் தாங்கினாலோ அது ராம்சர் பட்டியலில் சேரத் தகுதி பெறுகிறது. அந்த ஒரு விழுக்காட்டைக் கணக்கிடும் அடிப்படை எண்கள் இத்தகைய எண்ணிக்கைகளிலிருந்து வருபவை.

அரிய பறவை வந்த நாளின் குறிப்பு மட்டும் இருந்தால் போதாது. அது வராத சாதாரண வாரங்களின் பட்டியலும், வெறும் கொக்கும் நாமக்கோழியும் நின்ற நாள்களின் எண்ணிக்கையும் இல்லையென்றால், அந்த வருகை முதன்முறையா ஆண்டுதோறும் கவனிக்கப்படாமல் நடப்பதா என்று யாராலும் சொல்ல முடியாது. இடத்தை வெளியிடுவதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: இரை தேடும் பறவையின் இடத்தைச் சொல்லலாம், கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை குளத்தின் பெயரையும் கூடு தெரியும் படத்தையும் பொதுவில் வெளியிடக் கூடாது.